குழல் செய்த கையும் கட்டுண்ட கையும்

திருவொற்றியூர்ப் பட்டறைகளிலே சம்மட்டி ஓசை; எண்ணூர்த் தொழிற்சாலைகளிலே சங்கொலி; இராயபுரத்தை அடுத்த துறைமுகத்திலே பாரந்தூக்கியின் இரைச்சல். ஓசைக்கு நடுவே பிறந்து ஓசைக்கு நடுவே உழைப்பவர்கள் நாம். உலோகத்தை உருக்கி இசையாக வார்த்த ஒரு தொழிலாளியின் கதை நமக்கு அந்நியமாகாது.

ஜெர்மனியின் சாக்சனி நாட்டிலே, பிரவென்ஸ்டைன் ஊரருகே ஒரு சிற்றூரில், 1683ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பிறந்தவர் காட்பிரீட் சில்பர்மன். தந்தை தச்சர். அண்ணன் ஆந்திரேயாஸ் ஸ்திராஸ்பூர்க் நகரில் தேவாலய ஆர்கன் செய்துகொண்டிருந்தார். தம்பி அங்கே சென்று தொழில் பழகி, 1710இல் தேர்ந்த கைவினைஞராகத் தாயகம் திரும்பினார். வெள்ளிச் சுரங்கத் தொழிலாளர் நிறைந்த பிரைபர்க் நகரிலே பட்டறை அமைத்தார்.

ஆர்கன் என்றால் என்ன? நம் நாடக மேடை ஆர்மோனியத்தில் காற்று பட்டதும் சிறு நாக்குகள் அதிர்ந்து ஒலிக்கும். ஆர்கனிலே பெரும்பாலும் புல்லாங்குழல் ஒலிப்பதுபோல் குழல்கள் ஒலிக்கும். விரலளவுக் குழலும் உண்டு. ஆள் உயரத்தை மிஞ்சும் குழலும் உண்டு. வெள்ளீயத்தையும் காரீயத்தையும் உருக்கி, தகடாக ஊற்றி, இழைத்து, உருட்டி, பற்றவைத்து, ஒவ்வொரு குழலின் வாயையும் கையால் அறுத்துச் சுருதி சேர்க்க வேண்டும். மரவேலை, தோல்வேலை, உலோகவேலை மூன்றும் ஒன்றுகூடும் தொழில் அது. அந்நாளில் மின்விசை ஏது? மறைவிலே நின்று ஆட்கள் துருத்தி மிதித்தால்தான் காற்று. காற்று வந்தால்தான் இசை. வாசித்தவர் பெயரை வரலாறு எழுதி வைத்தது. மிதித்தவர் பெயரை எழுதவில்லை.

பிரைபர்க் பேராலயத்துக்கு சில்பர்மன் செய்த ஆர்கன் 1714இல் முடிந்தது. மூன்று விசைப்பலகைகள், 44 வகை ஒலிகள், 2,600க்கு மேற்பட்ட குழல்கள். இன்றும் அது ஒலிக்கிறது. வாழ்நாளில் ஏறத்தாழ 50 ஆர்கன்கள் செய்தார். 1736இல் டிரெஸ்டன் பிரவென்கிர்க்கே ஆலயத்தில் அவர் அமைத்த ஆர்கனை, இசைமேதை பாக் வந்து வாசித்தார்.

சில்பர்மன் பியானோவும் செய்தார். முதலில் செய்தவற்றைப் பார்த்த பாக், மேல்சுரங்கள் மெலிந்திருக்கின்றன, விசைகள் கடினமாக இருக்கின்றன என்று குறை கூறினார். கைவினைஞருக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தோடு நின்றுவிடவில்லை. பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி, கடைசியில் அதே பாக்கின் பாராட்டைப் பெற்றார். பிரஷ்ய மன்னன் பிரெடரிக் அவரிடம் பியானோக்கள் வாங்கினான்.

இதுவரை சொன்னது புகழ். இனிச் சொல்வது வழக்கு.

சக்காரியாஸ் ஹில்டெபிராண்ட் என்ற இளைஞர் 1713இல் சில்பர்மனிடம் தொழில் பழக வந்தார். சேரும்போதே ஓர் ஒப்பந்தம்: கற்ற தொழிலைக்கொண்டு ஆசானுக்குப் போட்டியாக சாக்சனியில் ஆர்கன் செய்யக்கூடாது! பிறகு அவர் தம் கையால் ஆர்கன் செய்யத் தொடங்கியதும் ஆசான் வழக்குத் தொடுத்தார். அரசவை ஆர்கன் கைவினைஞர் என்ற பட்டம் 1723இலேயே ஆசானுக்குக் கிடைத்திருந்தது. செல்வாக்கு ஒரு பக்கம், கைத்திறன் மறுபக்கம். போட்டிக்கு வராமல் ஒதுங்கி நிற்கும்படி மாணவர் கட்டுப்படுத்தப்பட்டார்.

தொழில் கற்றுத் தந்தவருக்கு நன்றி வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கற்ற கையைக் கட்டிப்போடுவது எந்த நியாயம்?

அந்தக் கை ஓய்ந்துவிடவில்லை. நவும்பர்க் நகர ஆலயத்தில் ஹில்டெபிராண்ட் பேரார்கன் ஒன்றை எழுப்பினார். 1746இல் அதைச் சோதித்துச் சான்று கூற வந்தவர்கள் இருவர்: ஒருவர் பாக், மற்றவர் சில்பர்மனே! வழக்காடியவரே மாணவரின் வேலையை எடைபோட வந்தார். பின்னர் டிரெஸ்டன் அரசவை ஆலய ஆர்கன் வேலை முடியுமுன்னே, 1753 ஆகஸ்டில் ஆசான் கண்மூடினார். அதை 1755இல் முடித்துக் கொடுத்தவர் அதே ஹில்டெபிராண்ட். 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் பிரவென்கிர்க்கே ஆர்கன் அழிந்தது. அரசவை ஆலய ஆர்கனின் குழல்களை முன்னதாகவே கழற்றிப் பாதுகாத்ததால் அவை பிழைத்தன.

இந்தப் பழங்கதை நமக்கு எதற்கு? 1920ஆம் ஆண்டுக் கதவடைப்பை ஒட்டி, வடசென்னையின் பின்னி ஆலை நிர்வாகம், தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டினார் என்று சங்கத் தலைவர் வாடியாமீது வழக்குத் தொடுத்ததை நாம் மறக்கவில்லை. உயர்நீதிமன்றம் அவருக்குத் தடை விதித்தது. அந்த அடியிலிருந்து எழுந்த கோரிக்கைதான் 1926இல் தொழிற்சங்கச் சட்டமாயிற்று.

இன்னொன்றும் நம் கையில் உண்டு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் முறையான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும்போது உள்ள கட்டுப்பாடு வேறு. வேலையை விட்ட பிறகும், இதே தொழிலை வேறெங்கும் செய்யாதே என்று எழுதி வாங்குவது வேறு. ஹில்டெபிராண்டுக்கு இந்தப் பிரிவு இல்லை. நமக்கு இருக்கிறது. எனவே தோழர்களே, கடைசல் பிடிப்பவரானாலும் பற்றவைப்பவரானாலும், நீட்டுகிற தாளிலே கையெழுத்துப் போடுமுன் அதைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவந்து ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.