எலும்பின் உப்பை அளந்தவர்

நுழையும்முன்

உடல் தன்னைத் தாங்கிக்கொள்ளத் தானே எழுப்பிய தூண்கள் எலும்புகள். அத்தூண்கள் உறுதிபெறக் கால்சியமும் பாஸ்பரசும் வேண்டும். அவ்விரண்டையும் குடல் ஏற்றுக்கொள்ள வைட்டமின் டி வேண்டும். இவ்வுண்மை மெல்ல மெல்லத் துலங்கிக்கொண்டிருந்த காலத்தில், குருதியில் கலந்துள்ள பாஸ்பரசை எளிதாக அளக்கும் முறையை உலகுக்கு வழங்கிய இருவருள் ஒருவர் சென்னையில் மருத்துவம் பயின்ற இந்தியர். அவர்தாம் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவருடைய வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பீமவரத்திலிருந்து சென்னைக்கு

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். தந்தை ஜகன்னாதம், தாய் வெங்கம்மா. பெரிய குடும்பம், சிறிய வருவாய். இளமையில் படிப்பின்மீது அவருக்கு நாட்டம் குறைவு. காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பொருள் சேரும் என்றெண்ணி ஒருமுறை வீட்டைவிட்டே புறப்பட்டுவிட்டார். தாய் அவரைத் தேடிப் பிடித்து மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோல்வி கண்டவர், சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை வெற்றி பெற்றார். மகனின் படிப்புக்காகத் தாய் தம் நகைகளை விற்றார்.

மாநிலக் கல்லூரியில் பயின்றபோது துறவு வாழ்வின்மீது அவருடைய மனம் சென்றது. இராமகிருஷ்ண மடத்தின் தொண்டு நெறி அவரை ஈர்த்தது. மக்களுக்குத் தொண்டு செய்ய மருத்துவமே தக்க வழி என்று தெளிந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அந்நாளில் அவருடைய குடும்பத்தில் பேரிடி விழுந்தது. உடன்பிறந்தார் இருவர் சில நாள் இடைவெளியில் ஸ்புரூ என்னும் குடல் நோய்க்கு இரையாயினர். உண்ட உணவின் சத்துகளைக் குடல் ஏற்க மறுக்கும் நோய் அது. உணவு இருந்தும் உடல் உருகிப்போகும். பின்னாளில் சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதச் சிகிச்சையால் அவர் உயிர் தப்பினார். உணவில் உள்ள சத்து உடலுக்குள் எவ்வாறு சேர்கிறது, சேராதபோது என்ன நேர்கிறது என்னும் வினா அன்றே அவருடைய நெஞ்சில் வேரூன்றிவிட்டது.

கதராடையும் கைநழுவிய பட்டமும்

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை அறையில் அணியும் மேலங்கியையும் சுப்பாராவ் கதரிலேயே அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் சிறந்து விளங்கியும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கான வாயில் அடைபட்டது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூற்றியல் கற்பிக்கும் ஆசிரியரானார்.

அதே காந்தியக் காற்று காவிரிக் கரையிலும் வீசியது. அன்றைய சேலம் மாவட்டத்து மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கனார் விடுதலைப் போராட்டத்திற்குத் தம் கவிதையைத் தந்தார். சுப்பாராவோ தம் பட்டத்தையும் பதவியையும் விலையாகத் தந்தார்.

பாஸ்டன் நகரில்

1920களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். பயணச் செலவுக்கு மாமனாரும் அறநிறுவனத்தாரும் உதவினர். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பட்டயம் பெற்றார். வயிற்றுப்பாட்டுக்காக இரவு நேரங்களில் மருத்துவமனைப் பணியாளாக வேலை செய்தார். நோயாளிகளின் கழிகலங்களைக் கழுவினார். அவர் இந்தியாவைவிட்டுப் புறப்பட்டபின் பிறந்த ஆண்குழந்தை ஓராண்டு நிறையும் முன்னரே இறந்துபோனது. தந்தை மகனைக் காணவே இல்லை. மனைவி சேஷகிரியையும் அவர் மீண்டும் காணவில்லை.

இத்துயரங்களுக்கிடையே ஆட்டோ ஃபோலின் தலைமையில் இயங்கிய உயிர்வேதியியல் துறையில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே சைரஸ் ஃபிஸ்கே என்பாருடன் சேர்ந்து, உடல் நீர்மங்களில் உள்ள பாஸ்பரசை அளக்கும் வழியைத் தேடினார்.

நீலம் சொன்ன அளவு

அந்நாளில் பாஸ்பரசை அளத்தல் மருத்துவர்க்குப் பெருந்தொல்லை. மிகுதியான குருதி தேவைப்பட்டது; காலமும் நீண்டது; முடிவும் ஐயத்திற்குரியதாக இருந்தது. 1925இல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் வெளியிட்ட முறை இச்சிக்கலைத் தீர்த்தது. குருதியிலிருந்து புரதத்தை நீக்கிய வடிநீருடன் அமிலம் கலந்த மாலிப்டேட்டைச் சேர்த்தால், அது பாஸ்பேட்டுடன் இணையும். அதனுடன் ஆக்சிசன் ஒடுக்கும் பொருளொன்றைச் சேர்த்தால் கரைசல் நீல நிறம் பெறும். பாஸ்பரசு மிகுந்தால் நீலம் அடரும், குறைந்தால் வெளிறும். அளவு தெரிந்த கரைசலின் நீலத்தோடு ஒப்பிட்டு, குருதியில் உள்ள பாஸ்பரசின் அளவைக் கணக்கிட்டனர். அம்முறை ஃபிஸ்கே – சுப்பாராவ் முறை என்று அவர்கள் பெயராலேயே நிலைபெற்றது.

எலும்பு மருத்துவத்தில் இதன் பயன் பெரிது. உடலில் உள்ள பாஸ்பரசில் ஏறத்தாழ 85 விழுக்காடும் கால்சியத்தில் 99 விழுக்காடும் எலும்பிலும் பல்லிலும் உள்ளன. கொலாசன் என்னும் புரத இழைகளின்மீது கால்சியமும் பாஸ்பேட்டும் உப்பாகப் படிவதாலேயே எலும்பு கெட்டிப்படுகிறது. கால்கள் வில்லாய் வளையும் ரிக்கெட்சு நோயுற்ற குழந்தைகளின் குருதியில் பாஸ்பேட்டு குறைந்திருப்பதை அறிவியலார் அப்போதுதான் கண்டறிந்திருந்தனர். இலண்டனில் எட்வர்டு மெலன்பி நாய்க்குட்டிகளுக்கு மீன் எண்ணெய் கொடுத்து அந்நோயைத் தடுத்தார். பெர்லினில் ஹுல்ட்சின்ஸ்கி புறஊதா ஒளியால் அதனைக் குணப்படுத்தினார். 1922இல் மெக்காலம், நோய் தீர்க்கும் அப்பொருளுக்கு வைட்டமின் டி என்று பெயரிட்டார். இனி வேண்டியது, நோயாளியின் நிலையை எண்ணால் அறியும் எளிய கருவி. நீல நிறம் அக்கருவியாயிற்று.

எலும்புக்குள் நிகழும் பணி

எலும்பு உயிரற்ற கல் அன்று. அதில் எலும்பாக்கச் செல்களும் எலும்பு கரைக்கும் செல்களும் இடையறாது இயங்குகின்றன. பழைய எலும்பை ஒருவகைச் செல் அரித்தெடுக்க, மற்றொருவகைச் செல் புதிய இழைகளைப் பின்னி அவ்விடத்தை நிரப்புகிறது. அவ்விழைகளின்மீது உப்பு படியும் அளவுக்குக் கால்சியமும் பாஸ்பேட்டும் குருதியில் இருந்தாக வேண்டும்.

இங்கேதான் வைட்டமின் டி தன் கடமையைச் செய்கிறது. வெயிலின் புறஊதாக் கதிர் படும்போது தோலில் உருவாகும் இச்சத்து, கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் மற்றொரு மாற்றமும் பெற்று, இயக்குநீராகச் செயல்படுகிறது. குடற்செல்களின் உட்கருவில் சென்று, கால்சியத்தை ஏந்திச் செல்லும் புரதங்களை உருவாக்கத் தூண்டுகிறது. வைட்டமின் டி இல்லையேல் உணவிலுள்ள கால்சியத்தில் 10 முதல் 15 விழுக்காட்டையே குடல் ஏற்கும். போதிய அளவு இருந்தால் 30 முதல் 40 விழுக்காடு வரை ஏற்கும். எலும்பாக்கச் செல்லுக்கும் அது ஆணையிடுகிறது. அச்செல் விடுக்கும் செய்தியைப் பெற்றே எலும்பு கரைக்கும் செல்கள் முதிர்ச்சி அடைகின்றன. ஆக்கலும் கரைத்தலும் ஒன்றையொன்று சார்ந்தே நிகழ்கின்றன.

ஆற்றலின் நாணயம்

பாஸ்பரசைத் தேடிய பயணம் சுப்பாராவைத் தசைக்குள்ளும் அழைத்துச் சென்றது. 1927இல் ஃபிஸ்கேயுடன் பாஸ்போகிரியேட்டின் என்னும் சேர்மத்தைக் கண்டறிந்தார். 1929இல் ஏடிபி என்னும் சேர்மத்தையும் அவர்கள் பிரித்தறிந்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் தனியே அதனைக் கண்டறிந்தார். உயிர்கள் அனைத்தும் தம் ஆற்றலைச் செலவிடும் நாணயம் அச்சேர்மமே. 1930இல் அவர் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும் ஆர்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் ஊரிலிருந்த லெடர்லே ஆய்வகத்திற்குச் சென்று, பின்னர் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார்.

அங்கே அவருடைய பழைய வினாவுக்கு விடை கிடைத்தது. அவருடைய வழிகாட்டலில் இயங்கிய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. ஸ்புரூ நோயாளிகளின் குருதிச்சோகையை அது தணித்தது. உடன்பிறந்தார் இருவரைப் பலிகொண்ட நோய்க்கு மருந்து பிறந்தபோது அவர்கள் மறைந்து பல ஆண்டுகள் கழிந்திருந்தன. ஃபோலிக் அமிலத்திற்கு எதிராகச் செயல்படும் அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொண்டு, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளின் நோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். எலும்பு மச்சையில் எழும் அந்நோய்க்கு எதிரான மருத்துவத்தின் தொடக்கம் அது. யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் மருந்தும் அவ்வாய்வகத்தின் கொடையே.

ஒளிரும் எலும்பு

அங்குப் பணிபுரிந்த பெஞ்சமின் டக்கர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினைக் கண்டெடுத்தார். டெட்ராசைக்கிளின் குடும்பத்தின் முதல் மருந்து அது. 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அம்மருந்து உலகிற்கு அறிமுகமான சில நாள்களில், சுப்பாராவ் உறக்கத்திலேயே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 53.

அவர் காணாத ஒன்று பின்னர் நிகழ்ந்தது. டெட்ராசைக்கிளின் புதிதாக உருவாகும் எலும்பின் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதும், புறஊதா ஒளியில் அவ்விடம் மஞ்சளாய் ஒளிரும் என்பதும் 1950களில் தெரியவந்தன. சில நாள் இடைவெளியில் இருமுறை அம்மருந்தைக் கொடுத்து எலும்பின் சிறு துண்டை எடுத்துப் பார்த்தால், இரண்டு ஒளிக்கோடுகள் தெரியும். கோடுகளின் இடைவெளியே எலும்பு வளர்ந்த அளவு. வைட்டமின் டி குறைந்தவரின் எலும்பில் அக்கோடுகள் தெளிவின்றிக் கலங்கித் தோன்றும். குருதியில் எலும்பின் உப்பை அளக்க வழிகண்டவரின் ஆய்வகத்திலிருந்தே எலும்பின் வளர்ச்சியை அளக்கும் கருவியும் தோன்றியது வியப்புக்குரிய பொருத்தம்.

நம் ஊரில் அவர் அறிவு

மோகனூரின் கரும்பு வயல் மண்ணை ஆய்வகத்திற்கு அனுப்பினால், அதிலுள்ள பாஸ்பரசையும் மாலிப்டேட்டு தரும் நீலத்தைக் கொண்டே அளக்கிறார்கள். நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளின் தீவனத்தில் கால்சியமும் பாஸ்பரசும் வைட்டமின் டியும் அளந்து சேர்க்கப்படுகின்றன. ஒரு முட்டையோட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உள்ளது. வைட்டமின் டி குறைந்தால் ஓடு மெலியும். குஞ்சுகளின் கால்கள் வளையும். கோழிக்கு அளந்து தரும் சத்தை நம் பிள்ளைகளுக்கு அளந்து தருகிறோமா என்பது சிந்திக்கத்தக்கது. வெயில் மிகுந்த நம் நாட்டிலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக உள்ளது. சாளரக் கண்ணாடியைக் கடந்து வரும் வெயிலால் பயனில்லை. வைட்டமினை ஆக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். நம் நிழல் நம் உயரத்தினும் குறுகியிருக்கும் வேளையில் சிறிது நேரம் வெளியில் நிற்பதும், முட்டை மஞ்சள்கரு, மீன் முதலியவற்றை உண்பதும், கேழ்வரகு, பால் போன்ற கால்சியம் நிறைந்த உணவுகளைச் சேர்த்துக்கொள்வதும் எலும்புக்கு உரம் சேர்க்கும். எலும்பின் பெரும்பகுதி வலிமை இருபது வயதை ஒட்டியே சேர்கிறது. பதினோராம் வகுப்பு மாணவர்க்கு அக்காலம் இதுவே.

சுப்பாராவ் புகழைத் தேடவில்லை. கண்டுபிடிப்புகளை அறிவிக்கும் மேடைகளில் உடன் உழைத்தோரை முன்னிறுத்தித் தாம் பின்னே நின்றார். நோபல் பரிசு அவரை அடையவில்லை. பிறந்த நூற்றாண்டான 1995இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. தேர்வில் இருமுறை தோற்ற அச்சிறுவன் கண்ட நீல நிறம், நூறாண்டு கடந்தும் ஆய்வகங்களில் நோயுற்றோரின் எலும்புக்காகச் சான்று கூறிக்கொண்டிருக்கிறது.