கடல் கடந்த வரகனேரியார்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் பின்புறக் குகையிலே சமண முனிவர்கள் தங்கித் தவமியற்றிய கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. அங்கே சிரா என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதையும், அம்முனிவர் உறைந்த பள்ளியே சிராப்பள்ளி ஆயிற்று என்று ஆய்வாளர் சிலர் கருதுவதையும் நம்மவர் பலரும் அறிவர். அம்மலையின் நிழல் விழும் ஊர்ப்பகுதிகளுள் ஒன்று வரகனேரி. வடக்கே நோக்கினால் காவிரி. அதனைக் கடந்தால் திருவரங்கம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையிலிருந்து ஒருவரும் அக்கரையிலிருந்து ஒருவருமாக இரண்டு இளைஞர் கடல் கடந்து இலண்டன் மாநகர் சேர்ந்தனர். அக்கரையிலிருந்து சென்றவர் மருத்துவர் தி. சே. சௌ. இராஜன். இக்கரையிலிருந்து சென்றவரே வ.வே.சு. ஐயர்.

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணியம் 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடேச ஐயர், தாயார் காமாட்சி அம்மையார். திருச்சியில் தூய வளனார் கல்லூரியிலே பயின்றார். வரலாறும் அரசியலும் இலத்தீன் மொழியும் அங்கே அவருக்குக் கைவந்தன. இலத்தீன் கற்றவருக்கு உரோமாபுரியும் கிரேக்க வீரர்களும் ஏட்டுப் பெயர்களாக நின்றுவிடுவதில்லை. கண்ணால் காணவேண்டும் என்னும் வேட்கையை அவை எழுப்பிவிடும். பட்டம் பெற்றபின் சென்னையில் வழக்குரைஞர் தேர்வெழுதித் தேறித் திருச்சி நீதிமன்றங்களில் தொழில் நடத்தினார். இளமையிலேயே அத்தை மகள் பாக்கியலட்சுமியை மணந்திருந்தார். குறையொன்றுமில்லாத வாழ்க்கைதான். ஆயினும் அக்காலத்தில் உள்ளூரில் தேர்வெழுதித் தேறிய வழக்குரைஞருக்கும் இலண்டன் சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றவருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருந்தது. வருவாயிலும் மதிப்பிலும் நீதிமன்றத்தில் வாய்திறக்கும் உரிமையிலும் அவ்வேறுபாடு வெளிப்பட்டது. பாரிஸ்டராக வேண்டும் என்னும் ஆசை ஐயர் உள்ளத்தில் வேரூன்றியது.

உடனே இலண்டனுக்குக் கப்பலேறப் பொருள்வசதி இடந்தரவில்லை போலும். 1906ஆம் ஆண்டில் அவர் முதலில் சென்றது இரங்கூன். பர்மா அப்போது ஆங்கில இந்தியாவின் ஒரு பகுதியாக இருந்தது. வணிகம் செய்தும் கூலிவேலை செய்தும் எண்ணற்ற தமிழர் அங்கே வாழ்ந்தனர். அந்நகரில் ஆங்கில வழக்கறிஞர் ஒருவரிடம் இளைய வழக்குரைஞராக ஐயர் பணியாற்றினார். பின்னர் 1907ஆம் ஆண்டில் அங்கிருந்தே இலண்டனுக்குப் பயணமானார். வீட்டாரை விட்டுப் பிரிந்து, பழகிய உணவையும் ஊரையும் துறந்து, குளிர்நாடொன்றில் குடியேறுவது இன்று நம் பிள்ளைகளுக்கு எளிதாகத் தோன்றலாம். வானூர்திப் பயணமும் கடல் கடந்த தொலைபேசி இணைப்பும் இல்லாத அந்நாளில், கடல் கடந்தவனுக்குக் குலத்திலேயே இடமில்லை என்று வைதிகர் கூறிவந்த அந்நாளில், அதற்குத் தனித் துணிவு வேண்டும். திருவரங்கத்து இராஜனும் பர்மாவில் பணிபுரிந்துவிட்டு அதே ஆண்டில் மருத்துவ மேற்படிப்புக்காக இலண்டன் சேர்ந்தார். அரங்கன் திருவீதியில் வளர்ந்த அவர் பட்டம் பெற்று ஊர் திரும்பியபோது, கடல் கடந்த குற்றத்துக்காக வைதிகரின் எதிர்ப்பை ஏற்க நேர்ந்தது.

இலண்டனில் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் ஐயர் சேர்ந்தார். அந்நகரின் ஹைகேட் பகுதியில், இந்திய மாணவர் தங்குவதற்காக சியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905ஆம் ஆண்டில் நிறுவிய இந்தியா இல்லம் இருந்தது. விநாயக தாமோதர சாவர்க்கர் அங்கே தங்கியிருந்தார். அவ்வில்லத்துக்குட் புகுந்த ஐயர் வேறொருவராக மாறினார் என்றே கூறவேண்டும். பட்டத்துக்காகப் படித்துக்கொண்டே, ஆங்கில ஆட்சியை ஆயுதத்தால் அகற்றவேண்டும் என்னும் புரட்சிக் குழுவில் முன்னணியில் நின்றார். பாரதியார் தொடர்பு கொண்டிருந்த இந்தியா இதழுக்கு இலண்டனிலிருந்து கடிதங்கள் எழுதினார். 1909ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் மதன்லால் திங்க்ரா என்னும் மாணவர் கர்சன் வில்லி என்னும் அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். அடுத்த மாதமே தூக்கிலிடப்பட்டார். அதன்பின் இந்தியா இல்லத்துடன் தொடர்புடைய ஒவ்வொருவரின் பின்னும் ஒற்றர் நடந்தனர்.

இந்நெருக்கடிக்கிடையே நிகழ்ந்த விருந்தொன்று நம்மவர் அறிந்து மகிழத்தக்கது. 1909ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் விஜயதசமியை ஒட்டி இலண்டன் இந்தியர் ஒரு விருந்துக்கு ஏற்பாடு செய்தனர். அப்போது தென்னாப்பிரிக்க இந்தியரின் பொருட்டு இலண்டன் வந்திருந்த காந்தியடிகளைத் தலைமை தாங்குமாறு வேண்டினர். உணவு புலாலின்றி இருக்கவேண்டும் என்பதை அவர் ஒரு நிபந்தனையாக வைத்தே இசைந்தார். இளமையில் அவர் இலண்டன் புறப்படுமுன், பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி முன்னிலையில் புலால் உண்பதில்லை என்று தாய்க்கு உறுதி அளித்த செய்தியை இங்கே நினைவுகொள்ளலாம். விருந்தன்று சமையல் பொறுப்பு இராஜன் முதலிய மாணவரிடம் இருந்தது. மெலிந்த உருவினர் ஒருவர் முன்னதாகவே வந்து, காய்கறி நறுக்குவதிலும் பாத்திரம் கழுவுவதிலும் பேசாமல் கைகொடுத்தார். யாரென்று இவர்கள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. பின்னர் அங்கே வந்த ஐயர்தாம் அவரைக் கண்டு, இவரே இன்றைய தலைவர் என்று அடையாளம் காட்டினார். மற்றவர் நாணித் தலைகுனிந்தனர். அன்று மேடையில் காந்தியடிகளும் சாவர்க்கரும் ஒரே இராமபிரானின் புகழைத் தத்தம் நோக்கில் பேசினர். அவ்வேளை ஐயர் சாவர்க்கரின் பக்கமே நின்றார்.

1910ஆம் ஆண்டு மார்ச் மாதம் விக்டோரியா இரயில் நிலையத்தில் சாவர்க்கர் கைதானார். ஐயரோ பாரிஸ்டர் தேர்வில் தேறியிருந்தார். இனி எஞ்சியது ஒன்றே: ஆங்கில அரசருக்குப் பணிந்திருப்பதாக உறுதிமொழி கூறிப் பட்டத்தைப் பெறுவது. எதற்காக மனைவியைப் பிரிந்தாரோ, எதற்காகக் கடல் கடந்தாரோ அது கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. சில சொற்களைச் சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. பட்டமும் கிடைக்கவில்லை. வாயளவில் சொல்லிவிட்டு ஊர் திரும்பியபின் எண்ணியதைச் செய்திருக்கலாமே என்று உலகியலறிந்தோர் கேட்பர். வாய்மையை உள்ளத்தோடு மட்டும் நிறுத்தாமல் நாவுக்கும் உரியதாகக் கொண்டவரிடம் அக்கேள்வி செல்லாது.

கைதாவதிலிருந்து தப்பி இலண்டனை விட்டு வெளியேறினார். தாடி வளர்த்துத் தலைப்பாகை கட்டிச் சீக்கியரைப்போலத் தோற்றங்கொண்டு கப்பலேறினார். பெட்டியின் மேல் தம் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளான வி.வி.எஸ். என்பதை அழிக்க மறந்துவிட்டார் என்றும், அதைக் கண்டு ஐயுற்ற ஒற்றனிடம் அது வீர விக்ரம் சிங் என்னும் தம் பெயரே என்று சற்றும் தயங்காது விடையளித்தார் என்றும் சொல்லப்படுகிறது. இக்கதை பல வடிவில் வழங்குகிறது. கேட்போர் சுவைக்கேற்பச் சிறிது வளர்ந்துமிருக்கலாம். 1910ஆம் ஆண்டு இறுதியில் அவர் புதுச்சேரி வந்து சேர்ந்தது மட்டும் உறுதி.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் பாரதியாரும் அரவிந்தரும் ஏற்கெனவே புகலடைந்திருந்தனர். பாக்கியலட்சுமி அம்மையாரும் அங்கே வந்து சேர்ந்தார். திருச்சி சில மணி நேரப் பயணத்தொலைவில் இருந்தும் பிறந்த வீட்டை மிதிக்க இயலாத வாழ்க்கை பத்தாண்டு நீண்டது. எல்லையைத் தாண்டினால் சிறை. இலண்டனினும் இதுவே அவருக்கு மெய்யான அயல்நாடு ஆயிற்று எனலாம்.

தொடக்கத்தில் இங்கும் அவர் பழைய வழியிலேயே சென்றார். இளைஞருக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தார். 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் ஆஷ் துரையைச் சுட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதன் அவரிடம் பயின்றவர் என்றே வரலாறு எழுதியோர் கூறுவர். கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நாம் இப்பகுதியைப் பாராட்டிச் செல்ல இயலாது. மறைத்துச் செல்வதும் முறையன்று.

அதே கைகள் ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்ததே புதுச்சேரி வாழ்வின் பயன். முதல் உலகப்போர்க் காலத்தில், பிரெஞ்சு அரசு தம்மை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடக்கூடும் என்ற அச்சம் சூழ்ந்திருந்தபோது, திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1916ஆம் ஆண்டில் அந்நூல் வெளிவந்தது. திருக்குறளை ஏலாசாரியர் எனப்பெறும் குந்தகுந்தர் அருளிய அறநூலாகக் கொள்ளும் நம் மரபினருக்கு இப்பணியின் அருமை சொல்லாமலே விளங்கும். கொல்லாமை, இன்னா செய்யாமை, வெகுளாமை ஆகிய அதிகாரங்களை ஒவ்வொரு சொல்லாக நிறுத்துப் பார்த்து வேற்றுமொழியில் ஆக்கிய ஒருவர், துப்பாக்கிப் பயிற்சி அளித்தவராகவே இருந்திருக்க முடியுமா? அவர் மனமாற்றத்துக்குக் குறளே காரணம் என்று துணிந்து கூறச் சான்றில்லை. காந்தியடிகளின் இயக்கமும் காரணமே. ஆனால் மாற்றம் நிகழ்ந்தது. 1920ஆம் ஆண்டில் பொதுமன்னிப்பால் தமிழகம் திரும்பிய ஐயர் அறப்போர் வழியினராகத் திரும்பினார்.

சந்திரகுப்த சக்கரவர்த்தியின் வரலாற்றையும் அவர் எழுதினார். பத்திரபாகு முனிவரைத் தொடர்ந்து சிரவணபெளகுளம் சென்று துறவு பூண்ட மன்னனாக நாம் அவனை அறிவோம். ஐயரை ஈர்த்தது அவனுடைய அரசாக்கம். கரிபால்டி, நெப்போலியன் ஆகியோர் வாழ்வையும் தமிழில் தந்தார். தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் முன்வைத்து எண்ணப்பெறும் குளத்தங்கரை அரசமரம் 1915ஆம் ஆண்டில் அவர் எழுதியதே. வரதட்சணையின் பொருட்டு ஒரு பெண் அடையும் துயரை அரசமரமே எடுத்துரைப்பதாக அமைந்த கதை அது.

விடுதலைக்குப்பின் தேசபக்தன் இதழின் ஆசிரியரானார். அவ்விதழில் வந்த கட்டுரைக்காக 1921ஆம் ஆண்டில் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றுப் பெல்லாரிச் சிறை புகுந்தார். அங்கேதான் கம்பராமாயணத்தைப் பற்றிய ஆங்கில ஆய்வைத் தொடங்கினார். கம்பரை ஹோமர், மில்டன் முதலியோரோடு நிறுத்துச் சீர்தூக்கிய அந்நூலைப் பயில்வோர், வளனார் கல்லூரியில் தொடங்கிய இலத்தீன் கல்வி எங்கே பயன்பட்டது என்பதைக் காண்பர்.

பின்னர்த் திருநெல்வேலிச் சீமையில் குருகுலம் ஒன்றைத் தொடங்கிச் சேரன்மாதேவியில் நடத்தினார். தாய்மொழியில் கல்வி, உடற்பயிற்சி, கைத்தொழில் என அருமையான நோக்கங்கள். ஆயினும் இரண்டு பிராமணச் சிறுவர்க்குப் பெற்றோர் விருப்பப்படி தனியே உணவளித்தது பெரும் பூசலாக வெடித்தது. பொதுநிதி பெற்ற நிறுவனத்தில் பந்தியில் வேற்றுமை ஏன் என்று வரதராசுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ. இராமசாமியும் கேட்டனர். அக்கேள்வி நேர்மையானது. தாம் எல்லாருடனும் அமர்ந்து உண்ணும் இயல்பினரான ஐயர், பெற்றோருக்கு அளித்த சொல்லைக் காக்கப் போய், பெரியதோர் அறத்தைத் தவறவிட்டார் என்றே தோன்றுகிறது. காந்தியடிகள் தலையிட்டும் மனக்கசப்பு ஆறவில்லை. தமிழக அரசியலின் போக்கையே மாற்றிய நிகழ்ச்சிகளுள் அது ஒன்றாயிற்று.

அப்பூசல் தணியுமுன்னரே 1925ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் ஐயர் குருகுல மாணவருடனும் தம் மக்களுடனும் பாபநாசம் சென்றார். தாமிரபரணியில் கல்யாண தீர்த்தம் என்னும் இடத்தில் நீரோடையைத் தாண்ட முயன்ற மகள் சுபத்திரை கால்தவறி வெள்ளத்தில் வீழ்ந்தாள். மகளைக் காக்கத் தந்தையும் குதித்தார். இருவரும் மீளவில்லை. அப்போது ஐயருக்கு அகவை 44.

திருவரங்கத்து இராஜன் அவருக்குப்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் வேதாரணியம் உப்புப் போராட்ட அணி திருச்சியில் அவர் இல்லத்திலிருந்தே புறப்பட்டது. ஐயரின் கம்பராமாயண ஆய்வு நெடுநாள் கையெழுத்தாகவே கிடந்து, 1950ஆம் ஆண்டில் தில்லித் தமிழ்ச் சங்கத்தாரால் அச்சேறியது. வரகனேரியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அரசின் நினைவில்லமாகவும் நூலகமாகவும் விளங்குகிறது.