வீட்டுக் காரை ரேஸ் காராக மாற்றிய தேள் மனிதர்: கார்லோ அபார்த் வென்றதும் இழந்ததும்

கார் ஷோரூமில் கவனித்திருப்பீர்கள். ஒரே மாடல், ஒரே வடிவம். ஆனால் ஒன்றின் பின்பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன பேட்ஜ் கூடுதலாக இருக்கும். சைலன்சர் கொஞ்சம் பருமனாக இருக்கும். ஸ்டார்ட் செய்தால் உறுமல் வேறு மாதிரி கேட்கும். விலையும் சில லட்சங்கள் தள்ளி நிற்கும்.

கோல்ஃபுக்கு ஜிடிஐ, மினிக்கு கூப்பர், ஃபியட் 500-க்கு அபார்த். திங்கட்கிழமை ஆபீஸ் போகலாம், ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக்கில் இறக்கலாம் என்பதுதான் இந்த வகை கார்களின் கணக்கு. மினி கூப்பர் வந்தது 1961-ல். கோல்ஃப் ஜிடிஐ விற்பனைக்கு வந்தது 1976-ல். அதற்கெல்லாம் முன்பே, 1950-களின் நடுவில், இத்தாலியின் டூரின் நகரத்தில் ஒருவர் இதையே முழுநேரத் தொழிலாகச் செய்துகொண்டிருந்தார். அவர்தான் கார்லோ அபார்த்.

அவர் செய்தது என்ன, ஜெயித்துக்கொண்டே இருந்தவர் ஏன் தன் கம்பெனியை விற்க வேண்டி வந்தது?

ரயிலோடு போட்டி போட்டவர்

1908 நவம்பர் 15 அன்று ஆஸ்திரியாவின் வியன்னாவில் பிறந்தார். வைத்த பெயர் கார்ல். பின்னாளில் இத்தாலியக் குடியுரிமை பெற்றபோது அது கார்லோ ஆனது. குடும்பத்தின் வேர் மெரானோ என்ற மலை நகரத்தில் இருந்தது. முதல் உலகப்போர் வரை ஆஸ்திரியாவில் இருந்த அந்த ஊர், போருக்குப் பிறகு இத்தாலிக்குப் போய்விட்டது.

அவருக்கு முதலில் பைத்தியம் பிடித்தது கார் மேல் அல்ல, மோட்டார் சைக்கிள் மேல். டீன் ஏஜிலேயே பட்டறை வேலை. 20 வயதை எட்டுவதற்குள் ரேஸில் முதல் வெற்றி. வண்டியை ஓட்டுவதோடு நிற்கவில்லை. தானே பிரித்து, மாற்றி, திரும்பப் பூட்டிப் பார்க்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

லின்ஸ் நகரில் நடந்த ஒரு பெரிய விபத்துக்குப் பிறகு சைடுகார் வைத்த வண்டிகளுக்கு மாறினார். 1934-ல் அந்த சைடுகார் வண்டியிலேயே, பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டிலிருந்து வியன்னா வரை, புகழ்பெற்ற ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலோடு போட்டி போட்டார். தூரம் 1,300 கி.மீ.க்கு மேல். ரயிலுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்தார்.

1930-களின் கடைசியில் யுகோஸ்லாவியாவில் இன்னொரு விபத்து. இந்த முறை அடி பலம். ரேஸ் வாழ்க்கை அதோடு முடிந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலம் முழுவதையும் லியுப்லியானா நகரத்திலேயே கழித்தார். போர் முடிந்து இத்தாலிக்கு வந்தபோது வயது 37-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் இருந்தது அனுபவமும், போர்ஷே குடும்பத்தோடு இருந்த பழக்கமும்தான்.

திவாலான கம்பெனியிலிருந்து ஒரு தொடக்கம்

அந்தப் பழக்கம் அவரை சிசிடாலியா என்ற கம்பெனிக்குக் கொண்டுபோனது. பியரோ துசியோ என்ற தொழிலதிபர் டூரினில் நடத்திய ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனம் அது. ஃபியட் 1100 காரின் பாகங்களை வைத்தே அழகான சின்ன ரேஸ் கார்களைச் செய்தார்கள். அந்த 1100 குடும்பத்தில் பிற்பாடு வந்த ஒரு காரைத்தான் நம்மூர் பிரீமியர் பத்மினியாக ஓட்டியது.

சின்ன கார்களில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த துசியோவுக்கு ஒரு பெரிய ஆசை வந்தது. போர்ஷே அலுவலகத்தில் கிராண்ட் பிரீ ரேஸ் கார் ஒன்றை வடிவமைக்கச் சொன்னார். தொழில்நுட்பத்தில் அது காலத்துக்கு முந்திய கார். செலவோ கம்பெனியையே விழுங்கிவிட்டது. துசியோ அர்ஜென்டினாவுக்குப் போய்விட்டார்.

ரேஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த அபார்த்துக்கு வர வேண்டிய பாக்கிக்குப் பதிலாகக் கிடைத்தவை சில ரேஸ் கார்களும் உதிரிப் பாகங்களும். அதை வைத்து 1949 மார்ச் 31 அன்று அபார்த் அண்ட் கோ தொடங்கியது. பணம் போட்டவர்கள் ஸ்கல்யாரினி குடும்பத்தினர். அபார்த் பிறந்த நாளுக்கு மேலைநாட்டு சோதிடத்தில் விருச்சிக ராசி. அதனால் கம்பெனிக்குச் சின்னமாகத் தேள் வந்தது. சின்ன உருவம், கொட்டினால் வலி. பின்னாளில் அவர் செய்த கார்களுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் கிடைத்திருக்காது.

1950 ஏப்ரலில், இத்தாலியின் ரேஸ் ஜாம்பவான் தாசியோ நுவோலாரி சிசிலியில் நடந்த மலைப் பாதைப் போட்டியில் அபார்த் 204 காரை ஓட்டித் தன் பிரிவில் முதலிடம் பிடித்தார். நுவோலாரிக்கு அதுதான் கடைசிப் போட்டி. அபார்த்துக்குக் கிடைத்த முதல் பெரிய விளம்பரமும் அதுதான்.

சோறு போட்டது சைலன்சர்

ரேஸில் பெயர் வரும், பணம் வராது. அபார்த்துக்கு இது நன்றாகவே தெரியும். எனவே வருமானத்துக்கு அவர் கையில் எடுத்தது சைலன்சர்.

இன்ஜினில் எரிந்த வாயு வெளியேறத் திணறினால், அடுத்த புதுக் காற்று உள்ளே வருவதும் தடைப்படும். எளிதாக வெளியேறவிட்டால் அதே இன்ஜின் கொஞ்சம் கூடுதல் சக்தி தரும். இந்த அடிப்படையில், பலரும் ஓட்டும் சாதாரண கார்களுக்கு மாற்று சைலன்சர் செய்து விற்றார். கறுப்பு நிறம், பளபளக்கும் குரோம் முனை, கம்பீரமான சத்தம். ரேஸ் கார் வாங்க வழியில்லாத ஆளும் சம்பளத்தில் மிச்சம்பிடித்து இதை வாங்க முடிந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 2.5 லட்சம் சைலன்சர்களுக்கு மேல் விற்றன. அதில் பெரும்பகுதி ஏற்றுமதி.

இன்று பைக்குக்கும் காருக்கும் தனியாக எக்ஸாஸ்ட் வாங்கி மாட்டுகிறார்களே, அந்த சந்தையைப் பெரிதாக்கியவர்களில் அபார்த் முக்கியமானவர்.

தம்மாத்துண்டு கார், பெரிய வேலை

1955-ல் ஃபியட் 600 வந்தது. இத்தாலியின் நடுத்தரக் குடும்பங்கள் ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாறிய காலம் அது. பின்பக்கம் இன்ஜின், 633 சிசி, சுமார் 22 ஹெச்பி. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து போகும் கார். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அபார்த் அதை 747 சிசி ஆக்கினார். கார்புரேட்டர், கேம்ஷாஃப்ட், சைலன்சர் எல்லாம் மாறின. முழு காராகவும் விற்றார். புது கார் வாங்க முடியாதவர்களுக்கு மாற்றுப் பாகங்களை மட்டும் ஒரு பெட்டியில் போட்டும் விற்றார். பெட்டியைக் கொண்டுபோய் உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுத்தால் போதும், குடும்ப கார் வேறு காராகத் திரும்பி வரும்.

இதற்கு ஆதாரம் காட்ட அவர் தேர்ந்தெடுத்த இடம் மொன்சா ரேஸ் டிராக். 1956-ல், 750 இன்ஜின் மேல் பெர்தோனே நிறுவனம் செய்த காற்றைக் கிழிக்கும் பாடியை வைத்து, 24 மணி நேரத்தில் 3,743 கி.மீ. ஓட்டிக் காட்டினார். சராசரி வேகம் மணிக்கு 155 கி.மீ.க்கு மேல்.

அடுத்தது ஃபியட் 500. 1957-ல் வந்த இந்தக் குட்டி கார், இன்று உலகம் கொண்டாடும் கார். அப்போது நிலைமை அப்படியில்லை. இரண்டு சிலிண்டர், 13 ஹெச்பி. ரொம்ப சின்னது, ரொம்ப மெதுவானது என்று மக்கள் முகம் சுளித்தார்கள். விற்பனை மந்தம். 1958 பிப்ரவரியில் அபார்த் தான் மாற்றிய ஒரு 500-ஐ மொன்சாவில் இறக்கினார். ஏழு பகல், ஏழு இரவு, ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்ட, 18,186 கி.மீ. போனது அந்த கார். சராசரி மணிக்கு 108 கி.மீ. பொம்மை கார் என்று கேலி பேசிய வாய்களுக்கு இது பதிலானது.

ஃபியட் நிர்வாகமும் கணக்குப் போட்டது. தன் கார் ரேஸில் ஜெயித்தால் ஷோரூமில் விற்கும். அந்த வேலையை வெளியிலிருந்து ஒருவர் செய்து தருகிறார். எனவே வெற்றிக்கும் சாதனைக்கும் தகுந்தபடி அபார்த்துக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. காரின் மேல் ஃபியட் - அபார்த் என்று இரண்டு பெயரும் சேர்ந்து நின்றன.

595: என்னதான் மாற்றினார்?

1963-ல் வந்த 595-ஐப் பார்த்தால் அவர் வழி புரியும். அன்றைய ஃபியட் 500-ல் சிலிண்டரின் விட்டம் 67.4 மி.மீ. அதை 73.5 மி.மீ. ஆக்கினார். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைத் தொடவில்லை. அவ்வளவுதான், 499.5 சிசி இன்ஜின் கிட்டத்தட்ட 594 சிசி ஆகிவிட்டது. கூடவே வேறு கார்புரேட்டர், வேறு சைலன்சர். சுமார் 18 ஹெச்பி தந்த இன்ஜின் 27 ஹெச்பி தந்தது. வேகம் மணிக்கு 120 கி.மீ. ஆனது. அடுத்து வந்த 695 எஸ்எஸ் 38 ஹெச்பி, 140 கி.மீ.

கேட்க சின்ன எண்கள்தான். ஆனால் அரை டன் எடைகொண்ட காரில் சக்தி இரண்டு மடங்கு ஆனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

600-ன் வாரிசுகளோ இன்னும் ஒரு படி மேலே. 850 டிசி, 1000 டிசி என்று வளர்ந்து, கடைசியாக வந்த 1000 டிசிஆர் 100 ஹெச்பியைத் தாண்டியது. இன்ஜின் சூடு தணியவும் காற்றோட்டத்துக்கு உதவவும் பின்பக்க மூடியைத் திறந்தபடியே நிறுத்தி ரேஸில் ஓட்டினார்கள். அந்தத் திறந்த மூடிதான் அபார்த்தின் அடையாளம். ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் 1965, 1966, 1967 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிறிய கார் பிரிவு இவர்கள் கையில்தான்.

இதற்கிடையே போர்ஷே 356-க்கு எடை குறைந்த பாடி, பிரான்ஸின் சிம்காவுக்கு ரேஸ் கார் என்று வெளி வேலைகளும் வந்தன.

1965-ல் 57-வது பிறந்த நாளுக்குச் சில வாரங்கள் முன்பு, மொன்சாவில் சாதனை முயற்சி ஒன்றில் அவரே ஸ்டியரிங் பிடித்தார். ஒற்றை இருக்கைக் காரின் குறுகலான காக்பிட்டில் உடம்பு நுழைய வேண்டுமே! ஆப்பிளை மட்டுமே நம்பி டயட் இருந்து சுமார் 30 கிலோ குறைத்தார். நின்ற இடத்திலிருந்து கிளம்பி கால் மைல் கடக்கும் சாதனையை முறியடித்துவிட்டுத்தான் இறங்கினார். பாகத்தின் எடையைக் குறைத்தே வாழ்ந்தவர், அந்த முறை ஓட்டுநரின் எடையிலும் கை வைத்தார்.

சறுக்கியது எங்கே?

1960-களின் பிற்பகுதியில் அபார்த்தின் பார்வை மாறியது. வீட்டுக் காரை மாற்றுவதோடு, அடிமுதல் நுனிவரை தானே செய்த ரேஸ் கார்களில் இறங்கினார். 2000 சிசி, பிறகு 3000 சிசி. இந்தக் கார்களுக்கு ஷோரூம் கிடையாது, வாங்க வாடிக்கையாளர் கூட்டம் கிடையாது. செலவு மட்டும் உண்டு. எதிரில் நின்றவையோ ஃபெராரி, போர்ஷே போன்ற நிறுவனங்கள்.

20 ஆண்டுகளுக்கு முன் துசியோவின் கம்பெனியைக் கவிழ்த்ததும் இதே ஆசைதான். அந்தச் சரிவை மிக அருகில் இருந்து பார்த்தவர் அபார்த்.

1971-ல் கம்பெனி ஃபியட்டுக்குப் போனது. ரேஸ் கார்களையும் அணியையும் என்ஸோ ஒசெல்லா எடுத்துக்கொண்டார். அபார்த் பட்டறை ஃபியட்டின் ரேஸ் பிரிவாக மாறியது. ஊர் ஊராக ஓடிய 131 என்ற சாதாரண குடும்ப செடானை அந்தப் பட்டறை ராலி காராக்கியது. 131 அபார்த் 1977, 1978, 1980 ஆண்டுகளில் உலக ராலி சாம்பியன் பட்டத்தை ஃபியட்டுக்கு வாங்கித் தந்தது. முதல் இரண்டைத்தான் அவர் பார்த்தார். பிறந்த ஊரான வியன்னாவில் 1979 அக்டோபர் 24 அன்று காலமானார். வயது 70.

பெயர் மட்டும் மிஞ்சினால்?

அதன் பிறகு அபார்த் என்ற பெயர் என்ன ஆனது என்பதும் இந்தக் கதையில் சேரும். 1980-களில் ரிட்மோ அபார்த் போன்ற அசல் வேகக் கார்களில் இருந்தது. பின்னர் மெல்ல மெல்ல ஒரு பேட்ஜ் ஆகத் தேய்ந்தது. 2007-ல் ஃபியட் அதைத் தனி நிறுவனமாக மீண்டும் தொடங்கியது. 2008-ல் புது ஃபியட் 500-க்கு அபார்த் வடிவம் வந்து, தேள் மறுபடி கொட்டத் தொடங்கியது.

இந்தியாவுக்கும் 2015-ல் வந்தது. 595 காம்பெடிசியோனே சுமார் 30 லட்சம் ரூபாய். கூடவே 145 ஹெச்பி அபார்த் புன்டோ, 10 லட்சத்துக்குள். அன்று அந்த விலைக்கு அந்த சக்தி தந்த ஹேட்ச்பேக் இங்கே வேறில்லை. பிறகு ஃபியட்டே இந்தியச் சந்தையிலிருந்து விலகியதால் அந்தக் கதையும் முடிந்தது.

இந்த வகை காரை வாங்க நினைப்பவர்களுக்கு அபார்த் வாழ்க்கையிலிருந்து ஒரு உருப்படியான கேள்வி கிடைக்கிறது. பேட்ஜுக்கு அடியில் என்ன மாறியிருக்கிறது? இன்ஜின், எடை, பிரேக், சஸ்பென்ஷன் இவற்றில் எதுவுமே மாறாமல் ஸ்டிக்கரும் சிவப்புத் தையலும் மட்டும் மாறியிருந்தால், கூடுதல் லட்சங்கள் பெயருக்கான விலை. அபார்த் விற்ற பெட்டியில் ஸ்டிக்கர் கடைசிப் பொருள். அதற்குக் கீழே பிஸ்டன் இருந்தது.

ஃபெராரி பணக்காரர்களுக்கு வேகத்தை விற்றது. அபார்த் அதே ஊர்க்காரர்களில் குமாஸ்தாவுக்கும் கடைக்காரருக்கும் விற்றார். அந்த வேலையைச் செய்தவரை அவரை யாரும் அசைக்க முடியவில்லை. அதை விட்டு விலகியபோதுதான் கம்பெனி கைநழுவியது.