பாலர் கல்விக்குப் பொருள் தேடிய நாவலர்

நல்லூரிலே 1822 ஆம் ஆண்டிற் பிறந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களை வசனநடை வல்லாரென யாவரும் அறிவர். பாலர் கல்வியின்பொருட்டுச் செல்வரிடத்துப் பொருளுதவி வேண்டி நின்ற நாவலரை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

1848 இல் அவர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். தமது உத்தியோகத்தையும் அவ்வாண்டிலேயே துறந்தார். பிள்ளைகளுக்குக் கல்வி இலவசமாயிற்று. ஆயின், அவர்கள் கையிற் கொடுத்தற்கேற்ற புத்தகங்கள் இல்லை. அக்குறை நீக்கவே 1849 இற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். முதலாம் பாலபாடம் 1850 இலும், இரண்டாம் பாலபாடம் 1851 இலும் வெளிவந்தன. 1864 இற் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை எழுந்தது.

1872 இல் வண்ணார்பண்ணையிலே தொடங்கிய சைவாங்கில வித்தியாசாலையோ பொருள்முட்டினாற் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அதனை மீளத் திறவாமலே 1879 இல் அவர் சிவபதமடைந்தார்.

1888 இற் சைவபரிபாலன சபை தோன்றியது. அது 1890 இல் ஏற்று நடத்திய ஆங்கில பாடசாலையே பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாயிற்று. ஒருவர் தோளில் நின்ற தருமம் தளர்ந்தது. பலர் கூடித் தாங்கிய தருமம் நிலைத்தது.

உபாத்தியாயர்காள்! நம் பாடசாலைப் புத்தகசாலைக்கு ஒரு தனவந்தரின் பெருங்கொடையை எதிர்பார்த்திருத்தல் வேண்டா. ஊரவர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் சிறுதொகையேனும் தரும்படி செய்வோமாக. அதுவே நாவலருக்கு நாம் செலுத்துங் கடன்.