கியூ சகாமோட்டோ

கியூ சகாமோட்டோ (டிசம்பர் 10, 1941 – ஆகஸ்ட் 12, 1985) ஜப்பானியப் பாடகரும் நடிகரும் ஆவார். 1961 இல் இவர் பாடிய உவே ஓ முயிட்டே அருக்கோ என்ற பாடல், சுகியாக்கி என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்டது. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் ஜப்பானிய மொழிப் பாடல் இதுவாகும்.

இளமைக்காலம்

சகாமோட்டோ டோக்கியோவை அடுத்த கவசாக்கி நகரில், ஒன்பது பிள்ளைகளுள் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். கியூ என்பது ஜப்பானிய மொழியில் ஒன்பதைக் குறிக்கும். இளமையில் எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களால் ஈர்க்கப்பட்டு, 1950களின் இறுதியில் மேடைகளில் ராக் அண்ட் ரோல் பாடத் தொடங்கினார். பின்னர் பாரடைஸ் கிங் என்ற இசைக்குழுவில் பாடிப் புகழ்பெற்றார்.

பாடலின் பின்னணி

1960 இல் அமெரிக்க-ஜப்பானியப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து ஜப்பானில் பெரும் போராட்டங்கள் நடைபெற்றன. எதிர்ப்புகளை மீறி ஒப்பந்தம் நிறைவேறியது. போராட்டத்தில் கலந்துகொண்ட ரோக்குசுகே எய், அத்தோல்வி தந்த மனச்சோர்விலிருந்து இப்பாடலை எழுதினார். எனினும் பாடலில் அரசியல் எதுவும் வெளிப்படையாக இடம்பெறவில்லை. அழுகையை அடக்க வானத்தை நோக்கியபடி நடக்கும் ஒருவனின் தனிமையே அதில் கூறப்படுகிறது. இதனால் பலர் இதனைக் காதல் பாடலாகவே கருதினர். ஹச்சிடாய் நகமுரா இசையமைத்தார். என்.எச்.கே. தொலைக்காட்சி வழியாகப் பரவிய பாடல், அக்டோபர் 1961 இல் இசைத்தட்டாக வெளிவந்தது. சகாமோட்டோவின் சீழ்க்கையொலி இதன் சிறப்பம்சங்களில் ஒன்று.

பெயர் மாற்றமும் உலகப் புகழும்

பிரித்தானியாவின் பை ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த லூயிஸ் பெஞ்சமின் ஜப்பானில் இப்பாடலைக் கேட்டார். கென்னி பாலின் ஜாஸ் குழுவைக் கொண்டு இதன் மெட்டை மட்டும் பதிவு செய்து வெளியிட்டார். மூலத் தலைப்பு ஆங்கிலேயர்களுக்கு உச்சரிக்கக் கடினமானது எனக் கருதி, சுகியாக்கி எனப் பெயரிட்டார். இது மாட்டிறைச்சியைக் கொண்டு சமைக்கப்படும் ஓர் ஜப்பானிய உணவு. பாடலுக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. எனினும் கேப்பிட்டல் நிறுவனம் சகாமோட்டோவின் மூலப் பதிவை இதே பெயரில் அமெரிக்காவில் வெளியிட்டது. அப்பாடல் ஜூன் 1963 இல் தொடர்ந்து மூன்று வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவுடனான ஒப்பந்தத்தை எதிர்த்தவரின் மனவருத்தத்தில் பிறந்த பாடல், பொருள் அறியாத அமெரிக்கர்களாலேயே கொண்டாடப்பட்டது.

சகாமோட்டோவின் பிற பாடல்கள் வெளிநாடுகளில் இந்த அளவுக்குப் புகழ்பெறவில்லை. ஜப்பானில் அவர் தொடர்ந்து பாடகராகவும் நடிகராகவும் தொலைக்காட்சித் தொகுப்பாளராகவும் விளங்கியதோடு, மாற்றுத்திறனாளிகளின் நலனுக்கான பணிகளிலும் ஈடுபட்டார். 1971 இல் நடிகை யுக்கிக்கோ கஷிவாகியை மணந்தார். இவர்களுக்கு இரண்டு மகள்கள்.

மறைவு

ஆகஸ்ட் 12, 1985 அன்று டோக்கியோவிலிருந்து ஒசாக்காவுக்குப் புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமானத்தில் சகாமோட்டோ பயணம் செய்தார். 1978 இல் முறையாகச் செய்யப்படாத பழுதுபார்ப்பினால் விமானத்தின் பின்புற அழுத்தத் தடுப்பு உடைந்தது. கட்டுப்பாட்டை இழந்த விமானம் சுமார் அரை மணி நேரம் தடுமாறிப் பறந்தபின் குன்மா மாகாண மலைப்பகுதியில் விழுந்தது. அதிலிருந்த 524 பேரில் நால்வர் மட்டுமே உயிர் பிழைத்தனர். இறந்தபோது சகாமோட்டோவுக்கு வயது 43.

நினைவு

1981 இல் எ டேஸ்ட் ஆஃப் ஹனி குழு ஆங்கில வரிகளுடன் பாடிய வடிவமும் அமெரிக்காவில் வெற்றிபெற்றது. 6980 என்ற எண்ணுடைய சிறுகோளுக்குச் சகாமோட்டோவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2011 இல் ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கம், ஆழிப்பேரலை ஆகியவற்றுக்குப் பின் மக்களுக்கு ஆறுதல் கூற இப்பாடல் மீண்டும் பரவலாகப் பாடப்பட்டது குறிப்பிடத்தக்கது.