விளம்பர முகவர் வாசன்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள சிறிய ஆலைகள் சிலவற்றுக்கு விளம்பரப் பணிகளைச் செய்து கொடுக்கும் நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறார் என் பழைய மாணவர் ஒருவர். அண்மையில் திருவள்ளூரில் உள்ள என் இல்லத்துக்கு வந்த அவர், தம் வாடிக்கையாளரான ஓர் ஆலையைப் பற்றி என் பெயரில் கட்டுரை ஒன்று வேண்டும் என்றார். வட்டாரத்தின் வேலைவாய்ப்பு, தொழில் வளர்ச்சி என்று பொதுவாகத் தொடங்கி, நடுவே அந்த ஆலையைப் பாராட்ட வேண்டும். விளம்பரம் என்ற அடையாளம் மட்டும் எங்கும் தெரியக் கூடாது. நான் தயங்கியதைக் கண்டு, எஸ்.எஸ். வாசனும் விளம்பரத் தொழிலிலிருந்து வந்தவர்தானே, அவர் செய்யாததா என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நானே பொறுப்பாளி. விளம்பரம் வளங்களை வீணடிக்கும் செலவா, சந்தைக்குத் தேவையான தகவலா என்ற பாடத்தை நடத்தும்போதெல்லாம் வாசனை எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்தவன் நான். மாணவர் மறக்கவில்லை. பதில் சொல்லும் முன் வாசனின் வாழ்க்கையை மீண்டும் ஒருமுறை நினைத்துப் பார்க்க அவகாசம் கேட்டேன்.

திருத்துறைப்பூண்டியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த சீனிவாசன், இளமையிலேயே தந்தையை இழந்தவர். தாயாருடன் சென்னைக்கு வந்தார். படிப்பு இடையிலேயே நின்றது. வணிகர்களிடம் விளம்பரங்களைத் திரட்டிப் பத்திரிகைகளுக்கு அளித்து, அதில் கிடைக்கும் தரகுத் தொகையில் வாழ்ந்தார். அத்துடன் அஞ்சல் வழியாகப் பொருள்களை விற்கும் வணிகத்தையும் நடத்தினார்.

இந்த அஞ்சல் வழி வணிகம்தான் அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் என்பது என் கணிப்பு. கடை வைத்திருப்பவருக்கு வாடிக்கையாளர் எதனால் வந்தார் என்பது தெரியாது. அஞ்சல் வணிகருக்கோ விளம்பரம் வெளியான சில நாள்களில் கடிதங்கள் வந்தாக வேண்டும். வராவிட்டால் எந்தச் சொல் பலித்தது, எது பலிக்கவில்லை என்று அவர் மறைக்க இயலாது. விளம்பரம் வர வேண்டிய இதழ் வெளிவராமல் போனால், அது அவருக்கு நேரடி நஷ்டம்.

அப்படி வெளிவராமல் போன இதழ்களுள் ஒன்றுதான் ஆனந்த விகடன். பூதூர் வைத்தியநாத ஐயர் 1926-ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த மாத இதழ், இரண்டு ஆண்டுகளுக்குள் தள்ளாடத் தொடங்கியது. விளம்பரம் என்ன ஆயிற்று என்று விசாரிக்கச் சென்ற வாசன், 1928-இல் பத்திரிகையையே விலைக்கு வாங்கிக் கொண்டு திரும்பினார். பெயரில் உள்ள 8 எழுத்துகளுக்கு, எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் என்பது பத்திரிகை உலகில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் கணக்கு. அன்று அந்த இதழில் பெயரைத் தவிர விலை பெறத் தக்கது வேறெதுவும் இல்லை என்பதையும் இந்தக் கணக்கு உணர்த்துகிறது.

பத்திரிகை ஒரு வினோதமான பண்டம். அது இருமுறை விற்கப்படுகிறது. வாசகருக்கு இதழ் விற்கப்படுகிறது. விளம்பரதாரருக்கு அந்த வாசகரின் கவனம் விற்கப்படுகிறது. பொருளாதார நூல்கள் இதற்குக் கோட்பாடு வகுத்தது மிகப் பிந்தைய காலத்தில்தான். வாசன் மறுபுறத்திலிருந்து வந்தவர் என்பதால் அவருக்குக் கோட்பாடு தேவைப்படவில்லை. வாசகர் பெருகாமல் விளம்பரம் பெருகாது, நல்ல எழுத்து இல்லாமல் வாசகர் பெருகார் என்பதை அவர் அறிந்திருந்தார். கல்கியை ஆசிரியராக அமர்த்தினார். ஓவியர் மாலியின் கேலிச் சித்திரங்கள் இதழுக்கு முகம் தந்தன. கல்கிக்குப் பின் தேவன் அந்தப் பொறுப்பை ஏற்றார். நகைச்சுவை என்பதே தமிழ் நடுத்தரக் குடும்பங்களின் வாராந்திர வழக்கமாயிற்று.

பரிசுத் தொகையுடன் கூடிய குறுக்கெழுத்துப் போட்டியும் விற்பனையை உயர்த்தியது. அதில் சூதாட்டத்தின் சாயல் இருப்பதாகக் கண்டித்தவர்களும் உண்டு. அந்தக் கண்டனத்தை முற்றிலும் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பரிசுக்காக வாங்கிய இதழில் கதையையும் படித்தவர்கள் எத்தனை பேர் என்று எவராலும் கணக்கிட முடியாது என்பதும் உண்மைதான்.

சுவையான செய்தி ஒன்று உண்டு. விகடனின் விளம்பரப் பிரிவை நிர்வகித்தவர் டி. சதாசிவம். கல்கி விகடனிலிருந்து விலகி 1941-இல் தம் பெயரிலேயே இதழ் தொடங்கியபோது அவருடன் நின்றவரும் சதாசிவமே. போட்டிப் பத்திரிகையும் ஓர் எழுத்தாளர், ஒரு விளம்பர வல்லுநர் என்ற அதே சேர்க்கையில்தான் பிறந்தது.

என் மாணவரின் கேள்விக்கு மிக அருகில் வரும் நிகழ்ச்சி தியாக பூமி. கே. சுப்ரமணியம் இயக்கிய அந்தப் படம் 1939-இல் வெளிவந்தது. அதற்கு முன்பே கல்கியின் கதை விகடனில் தொடராக வந்தது. ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களே அதில் இடம்பெற்றன. தொடர், படத்துக்கு விளம்பரம். படம், தொடருக்கு விளம்பரம். கதையைப் படிப்பதாக எண்ணிய வாசகர் விளம்பரத்தையும் சேர்த்தே படித்தார். இதைத்தான் மாணவர் சுட்டினார். ஆனால் அந்தப் புகைப்படங்கள் எதையும் மறைக்கவில்லை. இது திரைப்படமாக வரவிருக்கும் கதை என்பது இதழைப் புரட்டிய எவருக்கும் விளங்கியது.

தீக்கிரையான சுப்ரமணியத்தின் படப்பிடிப்பு நிலையம் ஏலத்துக்கு வந்தபோது, ஏறத்தாழ 86,000 ரூபாய்க்கு அதை வாங்கி ஜெமினி ஸ்டுடியோவாக்கினார் வாசன். அங்கு உருவான சந்திரலேகாவின் கதை, விளம்பர உலகில் ஒரு பாடமாகவே வைக்கத் தக்கது. அடுத்த படம் சந்திரலேகா என்று விளம்பரம் முதலில் வெளிவந்துவிட்டது. கதை என்று ஒன்று அப்போது இல்லை. பெயருக்கு ஏற்ற கதையைத் தேடி ஜெமினியின் கதை இலாகா மாதக்கணக்கில் திண்டாடியது. படம் முடிந்து 1948 ஏப்ரலில் வெளியானபோது செலவு 30 லட்சம் ரூபாயை எட்டியிருந்தது. அன்றைய நிலையில் அது மலைக்க வைக்கும் தொகை. தமிழ்ப் பதிப்பு நன்றாக ஓடியும் போட்ட முதல் திரும்பவில்லை. அஞ்சியவர் பின்வாங்கியிருப்பார். வாசன் அதே ஆண்டு டிசம்பரில் இந்திப் பதிப்பை 600-க்கும் மேற்பட்ட பிரதிகளுடன், நாடெங்கும் சுவரொட்டிகளும் பத்திரிகை விளம்பரங்களுமாக இறக்கினார். சென்னையில் எடுக்கப்பட்ட படம் வட இந்தியச் சந்தையைத் திறந்தது. முரசுகளின் மீது நடனமாடும் காட்சி இன்றும் பேசப்படுகிறது.

சந்திரலேகாவின் விளம்பரம் கூவியது. கூவலை எவரும் செய்தி என்று நம்பி ஏமாறுவதில்லை.

ஜெமினியின் இன்னொரு மூலையை அசோகமித்திரனின் நினைவுக் குறிப்புகள் வழியே நாம் அறிவோம். 1950-களில் அங்குப் பணிபுரிந்த அவருக்கு, நாளிதழ்களிலிருந்து செய்திகளைக் கத்தரித்துப் பொருள்வாரியாகக் கோப்புகளில் சேர்க்கும் வேலை. அவர் செய்தித்தாள்களைக் கிழித்துக் கொண்டு சும்மா இருப்பதாகவே உடன் பணிபுரிந்தோர் எண்ணினர். என்ன செய்தி வருகிறது, மக்கள் எதைப் பேசுகிறார்கள் என்பதை அறிய ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருந்தது அந்த நிறுவனம். அந்த இருக்கையிலிருந்து தமிழ் இலக்கியத்துக்கு ஒரு பெரிய எழுத்தாளர் கிடைத்தது, வாசனின் எந்தக் கணக்கிலும் வராத ஆதாயம்.

குறையே இல்லாத மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும் வார இதழும் பெரும் படநிறுவனமும் ஒரே கையில் இருக்கும்போது, அந்த இதழில் திரைப்படம் பற்றிப் படிப்பவர் சற்று எச்சரிக்கையாகவே இருக்க வேண்டியிருக்கும். இன்று ஊடக நிறுவனங்கள் பல தொழில்களை நடத்துவதைக் குறை கூறும் நாம், அந்த வழக்கத்துக்கு இங்கேயும் ஒரு முன்னோடி உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1964-இல் மாநிலங்களவை உறுப்பினரானார்; 1969-இல் பத்மபூஷண் விருது பெற்றார்; அதே ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் நாள் மறைந்தார். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது நட்சத்திர விடுதி நிற்கிறது. அருகிலுள்ள அண்ணா மேம்பாலத்தை மக்கள் இன்றும் ஜெமினி மேம்பாலம் என்றே அழைக்கிறார்கள். பெயரை மனத்தில் பதிய வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஒரு வாரம் கழித்து மாணவரை அழைத்தேன். கட்டுரை எழுதித் தருகிறேன், தொழிலாளர்களின் ஊதிய விவரத்தையும் ஆலை தர வேண்டும், மேலே விளம்பரம் என்று அச்சிட வேண்டும் என்றேன். வாடிக்கையாளரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். மறுநாளே பதில் வந்தது. முதல் நிபந்தனைக்கே அவர்கள் உடன்படவில்லையாம். இரண்டாவதை அவர் கேட்கவேயில்லையாம்.