சந்திரசேகர் போட்டுவைத்த கணக்கு

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1995 ஆகஸ்ட் 21இல் சிகாகோவில் காலமானபோது அவருக்கு வயது 84. இங்கே நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்து ஆறு கிழமை கழிந்திருந்தது. வலிகாமத்தை விட்டுச் சனம் வெளிக்கிட இன்னும் பத்துக் கிழமை இருந்தது. ஜாம்போத்தல் விளக்கில் படித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்தில் அந்தச் சாவுச் செய்தி எத்தனை பேரை எட்டியிருக்கும்? எனக்கு அப்போது ஐந்து வயது.

நோபல் வாங்கிய தமிழர் என்று மேடைகளில் அவரைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அவரது கணக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1910இல் லாகூரில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். தாயார் சீதாலட்சுமி இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கியவர். 1930 ஜூலையில், 19 வயதில், மகன் கப்பலேறியபோது அவர் கடும் நோயில் இருந்தார். போகத்தான் வேண்டும் என்று நின்றவரும் அவரே. அடுத்த மே மாதம் அவர் இறந்தபோது மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். கொள்ளிவைப்பதைக் கைபேசித் திரையில் பார்த்தழுத பிள்ளைகள் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

கப்பலில் தொடங்கிய கணக்குத்தான் புகழ்பெற்றது: சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் திணிவுள்ள நட்சத்திரம் வெண்குள்ளனாக அடங்கி நிற்க முடியாது. 1935இல் எடிங்டன் அதைச் சபையில் வைத்து எள்ளினார். நோபல் வந்தது 1983இல்.

ஆனால் என்னை இழுத்தது 1958இல் கௌஃப்மன், வாட்சன் என்ற இருவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட இன்னொரு வேலை. மின்னேறிய வாயுவான பிளாஸ்மாவைத் தூண்போல நிறுத்தி, நீளவாக்கில் பெரும் மின்னோட்டம் பாய்ச்சினால், சுற்றிவரக் காந்தப்புலம் எழுந்து தூணை நெரிக்கும். நெரித்துச் சூடாக்கினால் அணுக்கருக்களை இணைக்கலாம் என்பது நம்பிக்கை. தூண் அடங்கி நிற்பதில்லை என்பதுதான் வில்லங்கம். ஓரிடம் சற்றே ஒடுங்கினால் அங்கே புலம் கூடும், கூடினால் இன்னும் ஒடுங்கும், கடைசியில் அறுந்துவிடும். சற்றே வளைந்தாலும் வளைவு பெருகும். தூணுக்குள் நீளவாக்கில் இன்னொரு காந்தப்புலத்தை வைத்தால் அது முதுகெலும்புபோல எதிர்த்து நிற்கும். எவ்வளவு வைத்தால் தூண் நிலைக்கும் என்பதே அவர்கள் போட்ட கணக்கு.

1961இல் வந்த அவரது தடித்த நூல் இத்தகைய உறுதியின்மைகளுக்கே உரியது. எண்ணெய்க்கு மேலே தண்ணீரை நிறுத்த முயன்றால் தண்ணீர் விரல்விரலாகக் கீழிறங்கும் அல்லவா, அந்த ரேலி–டெய்லர் உறுதியின்மைக்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. உள்நோக்கி வேகமாக நொருங்கும் பிளாஸ்மாவில் காந்தப்புலம்தான் எண்ணெய், பிளாஸ்மா தண்ணீர்.

இந்தத் துறைக்கு ஆயுதத்தின் நிழலும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் சந்திரசேகர் அமெரிக்க இராணுவத்தின் அபர்டீன் பரிசோதனைத் தளத்தில் அதிர்ச்சி அலைகளைக் கணக்கிட்டார். அணுகுண்டுத் திட்டத்துக்கும் அழைப்பு வந்தது. பாதுகாப்பு அனுமதி தாமதமானதால் போகவில்லை. செல்லடிக்குள் வளர்ந்த எனக்கு இந்தப் பக்கத்தை விலத்திவிட்டு அவரைக் கொண்டாட மனம் வரவில்லை. அதற்காக அவரைத் தள்ளிவைக்கவும் முடியவில்லை.

அவரது நூலின் எண்களுக்குப் பின்னால் டொனா எல்பர்ட் என்ற பெண் இருக்கிறார். 1948 முதல் முப்பதாண்டுகள் சந்திரசேகருக்காக மேசைக் கணிப்பானில் எண்களைத் தட்டியவர். இன்று அதே வேலையைக் கணினிகள் செய்கின்றன. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் தலைமுடியிலும் மெல்லிய தங்ஸ்தன் கம்பிகளில் 2 கோடி அம்பியருக்கு மேல் பாய்ச்சி நொருக்குகிறார்கள். அதைத் திரையில் போலச்செய்பவர்கள் பிளாஸ்மாவைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, வேண்டுமென்றே ஒரு சின்னக் கோணலை விதைத்து, அது வளர்வதைப் பார்க்கிறார்கள். வளரத் தொடங்கும் வேகம் கையால் போட்ட பழைய சூத்திரத்தோடு ஒத்துப்போகாவிட்டால், பிழை நிரலில் என்று திரும்பத் தேடத் தொடங்குவார்கள்.